கைக்காசு இருக்கா?

கேள்வி: 25 லட்சத்துக்குப் பழைய ஃபிளாட் ஒன்று அமைந்திருக்கிறது. ‘பேங்க் லோன் இருக்கும்போது சேமிப்பு எதுக்கு?’ என்கிறார் தரகர். உண்மையா? (வாசகி, அம்பத்தூர்)

பதில்: அவருக்குத் தர வேண்டிய தரகையும் பேங்கிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், பார்ப்போம். 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, கையிலிருந்து இரண்டரை லட்சம். முழு விலைக்குப் பத்திரம் போட்டால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு இரண்டேகால் லட்சம். இதை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. வில்லங்கம் பார்க்கும் வக்கீல் தனி. ஐந்து லட்சம் இல்லாமல் சார்பதிவாளர் ஆபீஸ் படியேறாதீர்கள்.

கேள்வி: வாடகை 8,000 போக, மாதம் 5,000 மிஞ்சுகிறது. எங்களால் வீடு வாங்க முடியுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: இரண்டையும் கூட்டுங்கள்: 13,000. உங்களால் தாங்க முடிந்த தவணை அதுதான். எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் 15 லட்சம் கடன். பதினாறு, பதினாறரை லட்சத்துக்குள் வீடு தேடுங்கள். மாடல் ஃபிளாட் பார்க்கக் கூப்பிட்டால் போகாதீர்கள், அங்கே போட்டிருக்கும் சோபா ஆளை மயக்கும். அந்த 5,000-ஐ அஞ்சலக ஆர்.டி.யில் போட்டால், 6.7 சதவீதத்தில் ஐந்து வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். முன்பணமும் பத்திரச் செலவும் ஏறக்குறைய அதில் அடங்கும். ‘அதற்குள் வீட்டு விலை ஏறிவிடாதா?’ ஏறும். சம்பளம் ஏறும்போது ஆர்.டி.யையும் ஏற்றுங்கள், பைக்கை மாற்றாமல்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா சீட்டு பிடிக்கிறார். ரொம்ப நல்லவர். சேரலாமா?

பதில்: அக்கா நல்லவர்தான். முதல் மாதமே சீட்டை எடுத்துவிட்டு வீடு மாறிப் போகிறவரும் நல்லவரா? 1982 சட்டப்படி பதிவான சீட்டு என்றால் யோசிக்கலாம்.

கேள்வி: பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் 1.80 லட்சம் வரை வட்டி மானியம் உண்டாமே, அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: தகுதி இருந்தால் கிடைக்கும். ஆனால் ஐந்து வருடத் தவணையாக, அதுவும் உங்கள் கடன் கணக்குக்குத்தான் போகும். கல்யாணத்துக்கு வராமல் வளைகாப்புக்குச் சீர் கொண்டுவரும் தாய்மாமன் மாதிரி.

கேள்வி: மனைவி பெயரில் வாங்கினால் லாபமா?

பதில்: 10 லட்சம் மதிப்பு வரை பெண்கள் பெயருக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, 2025 ஏப்ரல் முதல். சண்டை வந்தால் யார் வெளியே போவது என்ற குழப்பமும் தீரும்.