ஃப்ளெக்ஸில் கேப்டன்

பட்டாளத்துக்காரர் லீவில் வந்திறங்கினால், செக்கானூரணிப் பக்கத்து ஊர்களில் முதலில் விசாரிப்பது அவருடைய பெட்டியைத்தான். கறுப்புப் பெயின்ட் அடித்து வெள்ளை எழுத்தில் நம்பர், ரேங்க், பெயர் எழுதிய அந்த இரும்பு ட்ரங்குப் பெட்டிக்குள் கேன்டீன் ரம் எத்தனை பாட்டில் என்று தெரிந்த பிறகுதான், "அப்புறம்ப்பா, அங்கிட்டு ரொம்பக் குளிரோ?" என்று பங்காளிகள் ஆளைக் கவனிப்பார்கள்.

கேடர் என்கிற பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படிக்க வந்திருக்கும் ஹவில்தாரின் பெட்டி இவர்களை மோசம் செய்துவிடும். மேலாக ஒரு தடித்த நோட்டு, சர்வீஸ் புரொட்ராக்டர், சிவப்பு நீலப் பென்சில்கள், பழைய மேப் ரீடிங் புத்தகம் ஒன்று. துணிக்கு அடியில் துழாவினால் ஒரே ஒரு பாட்டில். அதுவும் குலசாமிக்கு நேர்ந்தது. "ரெண்டு மாசத்துக்கு யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது. நாயப் சுபேதார் கேடர் வருது" என்று திண்ணையில் அறிவித்துவிட்டு மனிதர் உள்ளே போய்விடுவார். கேடர் என்பது கட்சியில் இருப்பது என்று மட்டும் அறிந்த பங்காளிகள், இவர் எந்தக் கட்சியில் சேர்ந்தார் என்று குழம்பியபடி கலைவார்கள்.

நம் ஹவில்தாருக்கு சர்வீஸ் 18 வருஷம். கையில் மூன்று பட்டை இருக்கிறது. வேண்டியது தோளில் ஒரு நட்சத்திரம். அது வந்துவிட்டால் சிப்பாய் முதல் ஹவில்தார் வரை அத்தனை பேரும் 'சாப்' என்று கூப்பிட்டாக வேண்டும். சர்வீஸும் கொஞ்சம் நீளும். நீட்டிப்பையும் சேர்த்து ஹவில்தாருக்கு 26 வருஷம், நாயப் சுபேதாருக்கு 28, சுபேதார் மேஜர் வரை போனால் 34. "ரெண்டு வருசத்துக்கா இம்புட்டுப் பாடு?" என்பது அவருடைய ஆத்தாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஆளை விரட்டுவது பென்ஷன் கணக்கு இல்லை. ஃப்ளெக்ஸ்.

போன வருஷம் தங்கச்சி மகளுக்குக் காதணி விழா. மதுரைச் சீமையில் காதணி விழா என்றால் தாய்மாமனுக்குத்தான் திருவிழா; பிள்ளைக்குக் காது வலிப்பது மட்டும். தங்கச்சி வீட்டுக்காரர் உசிலம்பட்டி ரோட்டில் இருபதடி அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். பின்னால் போர் விமானம் பறக்கிறது, பக்கத்தில் ஒரு புலி நடக்கிறது, நடுவில் தாய்மாமன் 'இந்திய ராணுவ கேப்டன்'. கழுத்துக்கு மேலே நம் ஹவில்தார். கழுத்துக்குக் கீழே இன்டர்நெட்டில் அகப்பட்ட யாரோ ஒரு கேப்டன், தோளில் மூன்று நட்சத்திரத்தோடு.

"மாப்ள, இல்லாத ரேங்க்கப் போட்டுக்கிறது பெரிய குத்தம். யூனிட்ல எவனாச்சும் பாத்தா என் பொழப்பு போயிரும்" என்று பதறியிருக்கிறார்.

"சும்மா இருங்க மச்சான். ஹவில்தார்னு போட்டா யாருக்குப் புரியும்? ஃப்ளெக்ஸ்கார தம்பியே என்னன்னு கேக்குறான்."

பட்டாளத்தில் இதற்கு ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. சுபேதார் மேஜராக இருப்பவர்களில் சிலருக்குக் குடியரசு தினத்தையொட்டி ஆனரரி லெப்டினன்ட், ஆனரரி கேப்டன் பட்டம் கொடுப்பார்கள். அந்தக் கணக்கில் ஃப்ளெக்ஸ் ஒன்றும் பொய் சொல்லிவிடவில்லை. ஒரு பதினைந்து பதினாறு வருஷம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். இடையில் உள்ள படிகளை ஏறிக் காட்ட வேண்டியது ஹவில்தாரின் பாடு.

காலை ஐந்து மணிக்கு முதல் படி கண்மாய்க்கரையில். டிரில் பரீட்சையில் ஆளைத் தூரத்தில் நிறுத்தி, அணிக்குக் கட்டளை கொடுக்கச் சொல்வார்கள். தொண்டையிலிருந்து கத்தினால் மார்க் போய்விடும், அடிவயிற்றிலிருந்து வரவேண்டும். "சா...வ்தான்!" என்று இவர் எழுப்பும் குரலில் கண்மாயின் கொக்கெல்லாம் ஒரே வீச்சில் கிளம்பும். கீதாரியின் ஆடுகள்தான் அணி. அவை 'தாஹினே முட்' சொன்னால் இடப்பக்கம் திரும்புகின்றன; ரெக்ரூட்டுகளும் முதல் மாதத்தில் அப்படித்தான் என்று அவர் பெரிதுபடுத்துவதில்லை. கட்டளையெல்லாம் இந்தியில். தேர்வுத்தாளில் இந்தியை ஆங்கில எழுத்தில் எழுதுவது பட்டாள வழக்கம். இவர் நோட்டில் அதுவே தமிழ் எழுத்தில் இருக்கிறது.

டீக்கடைப் பெரியவருக்கு இது முதலில் ஆகவில்லை. 1965 ஜனவரி 25-இல் மதுரையில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது மாணவராக ஓடி, போலீஸ் தடி முதுகில் பட்டவர். "அறுபது வருசங்கழிச்சு எங்க ஊருக் கம்மாயிலயே இந்தியா?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்தார். நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். அத்தனையும் தமிழ் எழுத்து. "சரி, எழுத்து நம்ம எழுத்தாத்தான் இருக்கு" என்று உட்கார்ந்தவர், மறுநாளிலிருந்து ஒப்பிக்கக் கேட்கும் வாத்தியாராகிவிட்டார். ஒரு சொல் தப்பினாலும் விடுவதில்லை. போராட்டத்துக்குப் போனவர் கண்டிப்பு அப்படி.

ஓட்டம் தனிக் கூத்து. பி.பி.இ.டி. என்கிற சோதனையில் முதுகுச் சுமையும் துப்பாக்கியுமாக ஐந்து கிலோமீட்டர் ஓடவேண்டும். துப்பாக்கிக்குப் பதில் கடப்பாரை, முதுகுப்பையில் செங்கல் என்று இவர் தேனி ரோட்டில் ஓடினால், எதிரே வருகிற சனம் சும்மா விடுமா? "பஸ்ஸ விட்டுட்டீகளா?" என்று வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்ளப் பார்ப்பவர் பத்துப் பேர். கடப்பாரையைக் கண்டு விலகி, போலீசுக்குச் சொல்லலாமா என்று யோசித்தவர்களும் உண்டு.

இதெல்லாம் உடம்பு பார்த்துக்கொள்ளும். மேப் ரீடிங்தான் தலையைத் தின்பது. உண்மை வடக்கு, கிரிட் வடக்கு, காந்த வடக்கு என்று வடக்கே மூன்று. கிரிட் ரெபரன்ஸ் சொல்லும்போது கிழக்கு எண் முதலில், வடக்கு எண் பிறகு. மாற்றிச் சொன்னால் உங்கள் பீரங்கிக் குண்டு உங்கள் தலையிலேயே விழும். மதுரை இருப்பது சர்வே ஆஃப் இந்தியாவின் 58 கே/1 தாளில் என்பதை மனப்பாடம் செய்துவிட்டு, வழி கேட்டு வந்த கூரியர் பையனிடம் அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பையன் அந்த பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

நிற்கிற இடத்தை மேப்பில் கண்டுபிடிக்க 'ரிசெக்‌ஷன்' என்று ஒரு வித்தை. கண்ணுக்குத் தெரிகிற மூன்று அடையாளங்களுக்குக் காம்பஸில் பேரிங் எடுக்கவேண்டும். அதை பேக் பேரிங்காக மாற்றவேண்டும், 180-க்குக் குறைவென்றால் 180 கூட்டு, மிஞ்சினால் கழி. பிறகு மேப்பில் மூன்று கோடு இழுத்தால், அவை சந்திக்கிற இடத்தில் நீ நிற்கிறாய். இதற்கென்றே கடவுள் படைத்த சமவெளி மதுரை. சுற்றிவரத் தட்டையான நிலம், நடுநடுவே ஒன்றோடொன்று சாயல் ஒட்டாத மலைகள். மாப்பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியூர்க் கண்மாய்க்கரைக்குப் போனார். யானைமலைக்கு ஒன்று, அழகர்மலைக்கு ஒன்று, திருப்பரங்குன்றத்துக்கு ஒன்று. பைக் டேங்க் மேலேயே மேப்பை விரித்து, அதன் மேலேயே காம்பஸை வைத்துப் பார்த்து, கோடு இழுத்தார். கணக்குப்படி இருவரும் மாரியம்மன் தெப்பக்குளத்தின் மைய மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மச்சான், கால் நனையலையே?" என்றிருக்கிறார் மாப்பிள்ளை. இரும்பு பக்கத்தில் இருந்தால் காந்த முள் பொய் சொல்லும் என்பது புத்தகத்தின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. சொல்லித்தருகிற ஹவில்தாருக்கு நூறு தடவை தெரியும். பரீட்சை எழுதப்போகிற ஹவில்தாருக்குத்தான் மறந்துபோகிறது.

வீட்டுக்குள் சேண்ட் மாடல். பிளாட்டூன் கமாண்டர் தாக்குதலுக்கு முன்னால், தரையில் மண்ணால் அந்த நிலப்பரப்பை அமைத்து, சுட்டிக் காட்டி உத்தரவு கொடுப்பது முறை. களத்து மணலைக் குழைத்து நாகமலையை எழுப்பினார். வைகைக்கு நீலக் கோலப்பொடி, வயலுக்குப் பச்சை, எதிரிக்குச் சிவப்பு. மார்கழிக்கென்று வீட்டுக்காரம்மா சேர்த்துவைத்த பொடி அத்தனையும் இப்படிப் போருக்குப் போய்விட்டது. உத்தரவு 'ஜமீனி நிஷான்' என்கிற நில அடையாளத்தில்தான் தொடங்கவேண்டும். எல்லா மாடலிலும் இவருடைய முதல் அடையாளம் ஒத்தைப் பனைதான். அண்ணன் மகன்கள் மூன்று பேரும் மூன்று செக்‌ஷன். இடப்பக்கம் ஓடை வழியாகப் பதுங்கிப் போய் மலையைப் பிடிக்கச் சொன்னால், நடுவுள்ளவன் கை தூக்குகிறான்: "அதான் தேனி ரோடு போகுதே சித்தப்பா, பஸ்ல போயிறலாம்ல?" இதற்கு இந்தியில் பதில் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் எதிரியின் உச்சி மோர்ச்சாவை ஒரு கோழி கைப்பற்றி, கிளறியும் போட்டுவிட்டது.

ஆயுதப் பாடம் நடத்துகிற பரீட்சைக்கு, வீட்டில் இன்சாஸ் ரைபிளுக்கு எங்கே போவது? பிரஷர் குக்கரை எடுத்துக்கொண்டார். பெயர் சொல்லி, பாகம் சொல்லி, 'கோல்னா ஜோட்னா' முறைப்படி வெயிட், மூடி, கேஸ்கட் என்று பிரித்து வரிசையாக வைத்து, அதே வரிசையைத் தலைகீழாக்கிப் பூட்டவேண்டும். இருபது நாளாகக் கேட்டுக் கேட்டு வீட்டுக்காரம்மாவுக்குப் பாடம் முழுவதும் ஏறிவிட்டது. திண்ணையில் இவர் "பேரிங் இருநூத்திப் பத்துன்னா, பேக் பேரிங்..." என்று விழிக்கும்போது அடுப்படியிலிருந்து குரல் வருகிறது: "முப்பதுங்க. அந்த கேஸ்கட்டக் கொண்டாங்க, சோறு வைக்கணும்." மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அவளைப் படி என்று அதட்ட இந்த வருஷம் வீட்டில் ஆளில்லை. அதட்டவேண்டியவர் அவளிடம் ஸ்கேல் இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்.

நோட்டு வாங்க, ஜெராக்ஸ் எடுக்க என்று மதுரைக்குப் போகும் பஸ் சம்மட்டிபுரம் வழியாகப் போகிறது. அங்கேதான் மருதநாயகம் என்கிற யூசுப் கானின் அடக்கத்தலம், கான் சாகிபு பள்ளிவாசல். கம்பெனிப் படையில் சிப்பாயாகச் சேர்ந்து, சுபேதாராகி, சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்ட் ஆகி, மதுரையையே ஆண்ட மனிதர். "அவருக்கு மட்டும் எவன் கேடர் வச்சான்?" என்று ஹவில்தார் ஒருமுறை பஸ்ஸில் வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்து சீட்டில் இருந்த தமிழாசிரியர் ஒருவர், 1764 அக்டோபர் 15-இல் அவரை அதே கம்பெனியின் கூட்டாளியான ஆற்காடு நவாப் இதே மதுரையில் தூக்கில் போட்டதை நினைவுபடுத்தினார். மீதித் தூரம் ஹவில்தார் நோட்டை விரித்துப் படித்துக்கொண்டே வந்தார்.

சித்திரை பிறந்தது. மதுரைக்காரனுக்கு லீவு என்றாலே அழகர் ஆற்றில் இறங்குகிற வரை என்று பொருள். ஐந்து வருஷம் முன்பு இதே சபலத்தில் இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்து நல்லவேளையாகத் திட்டோடு தப்பியிருந்தார். லீவு மீறினால் தண்டனை. தண்டனை சர்வீஸ் ரெக்கார்டில் சிவப்பு மையில் ஏறிவிட்டால், கேடரில் முதலாவதாக வந்தாலும் புரமோஷனுக்கு அது முள். ஆகவே எதிர்சேவைக்கு மூன்று நாள் இருக்கும்போதே ஜங்ஷனில் நின்றார். "கள்ளழகரையே பாக்காமப் போறியேடா" என்று ஆத்தா அழுதாள். குலசாமி பாட்டில் மட்டும் பங்காளிகள் பொறுப்பில் விடப்பட்டது. அது குலசாமியிடம் போய்ச் சேர்ந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

பாஸாகிவிட்டார். மேப் ரீடிங்கிலும். ஆனால் பாஸானதும் நட்சத்திரத்தைத் தோளில் குத்திவிட மாட்டார்கள். சீனியாரிட்டி, வருஷாந்தர ரிப்போர்ட், மருத்துவத் தகுதி எல்லாம் போர்டில் வைத்துப் பார்த்து, மேலே ஒருவர் ஓய்வு பெற்று இடம் காலியானால்தான் இறங்கும். ஊரில் இதை விளக்கப்போய், "பாஸுங்குறாக, ஆனா வேல இல்லைங்குறாக; நம்ம பி.எட். படிச்ச பயலுக மாதிரிதானா?" என்று பெரியவர் ஒரே வரியில் முடித்துவைத்தார்.

அடுத்த மாசிக்குள் உத்தரவு வந்தது. நாயப் சுபேதார். தங்கச்சி வீட்டுக்குத்தான் முதல் போன். மறுமுனையில் மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்ன மச்சான் தப்பு பண்ணீங்க? கேப்டன்லருந்து ஒரேயடியா நாயப் சுபேதாராவா எறக்குறது?"

"மாப்ள, நான் கேப்டனாவே இல்ல..."

"புரியுது, விடுங்க. நான் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல. வைகாசியில அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம் வருது, ஃப்ளெக்ஸுல பழையபடி கேப்டன்னே போட்டுக்கிருவோம்."