வெயிட்டேஜ் இல்லாத ஊர்

எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பி நாடு முழுக்கப் பேர் வாங்கிய சூத்திரம் ஒன்றே ஒன்று. நியூட்டன் கண்டதல்ல, சி.வி.ராமன் கண்டதுமல்ல. 2009 ஜனவரி இடைத்தேர்தலில் பிறந்த ‘திருமங்கலம் ஃபார்முலா’. எந்தத் தெருவில் செலவழித்தால் ஓட்டு விழும், எங்கே கொட்டினாலும் விழாது, ஆகவே எதை விட்டுத்தொலைக்கலாம் என்பதுதான் அதன் சாரம் என்று ஊரில் சொல்வார்கள். எந்தப் பாடநூலிலும் கிடையாது. ஆனாலும் கட்சிக்காரர் எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்த ஃபார்முலா இப்போது இயற்பியலுக்கு வந்துவிட்டது. டி.கல்லுப்பட்டியில் திரும்பி, எங்கள் பேரையூருக்குள்ளும் நுழைந்துவிட்டது.

அக்கா மகன் பிளஸ் டூ. ஜே.இ.இ. எழுதப்போகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடியுமுன் பஸ் ஏறி மதுரையில் ஒரு கோச்சிங் சென்டருக்குப் போய்விட்டு, இருட்டிய பிறகு வருவான். போன வாரம் பையிலிருந்து வழவழப்பான தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். இயற்பியல் பாடங்களுக்கெல்லாம் வண்ணம் அடித்திருந்தார்கள். பச்சை என்றால் கட்டாயம் படி. மஞ்சள் என்றால் நேரம் இருந்தால் பார். சிவப்பு என்றால் தொடாதே. அணுவும் குறைகடத்தியும் மின்னோட்டமும் பச்சை. திண்மப்பொருளின் சுழற்சி சிவப்பு. பக்கத்தில் ஒரு மண்டையோடு போடாததுதான் பாக்கி.

“வெயிட்டேஜ் கம்மி, டைம் ஜாஸ்தி மாமா” என்றான், உரக்கடைக்காரர் மூட்டைக்கு விலை சொல்வதுபோல.

அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது: “அஞ்சு பாடம் படிச்சாப் போதுமாம்டா. பீசு மட்டும் இருபது பாடத்துக்கும் வாங்கிட்டானுக.”

தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போது எதை முதலில் புரட்டுவது என்று கணக்குப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். மொத்தம் 75 கேள்வி, அதில் இயற்பியலுக்கு 25, சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1 என்றால் நானும் அப்படித்தான் புரட்டுவேன். ஆனால் இந்தத் தாளைக் கொடுத்தது ஜூன் மாதம். பாடம் நடத்துவதற்கு முன்பே பாடத்தைக் கழித்துக் கட்டிவிட்டார்கள்.

பச்சையில் ஒன்றைக் கேட்போம் என்று போரின் அணு மாதிரியைச் சொல்லச் சொன்னேன். எலக்ட்ரானின் கோண உந்தம், பிளாங்க் மாறிலியை இரண்டு பையால் வகுத்து வருவதன் முழு எண் மடங்காகத்தான் இருக்கும் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

“கோண உந்தம்னா என்னடா?”

விழித்தான். தாளைப் பார்த்தான். அது சிவப்பில் இருந்தது.

காந்தப்புலத்துக்குள் வட்டமடிக்கும் மின்துகளைக் கேட்டால் வட்ட இயக்கம் தெரிய வேண்டும். மின்னோட்டம் பாயும் சுருள் ஏன் திரும்புகிறது என்று கேட்டால் திருப்பு விசை தெரிய வேண்டும். பச்சை மாடி மொத்தமும் சிவப்புச் சுவரின் மேல்தான் நிற்கிறது. பையனுக்கு மாடியை மட்டும் விற்றிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கடைவீதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். சுற்று ஒன்று குறைந்தால் மோட்டார் என்ன செய்யும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தச் சுற்றுக்கு வெயிட்டேஜ் கம்மி என்று அவர் இதுவரை யாரையும் கேட்டதில்லை.

எல்லாப் பழியையும் கோச்சிங்காரர் தலையில் போடவும் மனசு வரவில்லை. இவர்களுக்கு முன்பே நம் தனியார் பள்ளிகள் பல, பிளஸ் ஒன் என்ற வகுப்பையே சிவப்பில் போட்டவை. பிளஸ் டூ புத்தகத்தை இரண்டு வருஷம் உருட்டிவிட்டு ஜூனில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நியூட்டன் விதி, ஆற்றல், சுழற்சி, அலைவு, வெப்பம் எல்லாம் இருப்பது பிளஸ் ஒன்னில். அதைப் பிள்ளைகள் பார்க்காமலே இருநூற்றுக்கு இருநூறு வாங்கினார்கள். பொறுக்க முடியாமல் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்து மூக்கணாங்கயிறு போட்டது அரசு. 2025இல் அதே அரசாணைக் கட்டிலிருந்து இன்னொரு தாளை உருவிக் கயிற்றை அவிழ்த்துவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைகிறதாம். எந்தக் காட்டில் மேய்க்கலாம் என்று மாட்டுக்காரர்கள் இப்போதே வரப்பில் நிற்கிறார்கள்.

‘நமக்கெதற்கு நுழைவுத்தேர்வு, 2007லேயே ஒழித்துவிட்டோமே’ என்பார்கள். ஒழித்தோம், நல்ல காரியம். பொறியியல் கலந்தாய்வில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று பிளஸ் டூ மார்க்குதான். பேரையூர்ப் பிள்ளையும் தலைநிமிர்ந்து உள்ளே போகலாம். ஆனால் திருச்சி என்.ஐ.டி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் நம் மண்ணில் நின்றாலும் அவற்றின் வாசல் டெல்லியில் இருக்கிறது. அந்த வாசலில் 2021இல்தான் ஜே.இ.இ. மெயின் வினாத்தாள் தமிழில் வந்தது. அதையும் தாண்டி அட்வான்ஸ்டு என்று அடுத்த வாசல். அங்கே ஆங்கிலமும் இந்தியும் மட்டும். 2024இல் அந்தத் தேர்வை நடத்தியதே சென்னை ஐ.ஐ.டி.தான். அடையாறு ஓடும் ஊரிலிருந்து நடத்திய தேர்வின் வினாத்தாளில் தமிழுக்கு வெயிட்டேஜ் இல்லை.

மெயின் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையும் லேசுப்பட்டதல்ல. இயற்பியல் பாடத்திட்டத்தின் இருபதாவது அலகுக்குப் பெயர் செய்முறைத் திறன்கள். வெர்னியர் அளவி, திருகு அளவி, தனி ஊசல் என்று அழகான பட்டியல். அந்தத் திறனை எப்படிச் சோதிக்கிறார்கள் என்றால், கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து நாலில் ஒன்றை அமுக்கச் சொல்லி. நீச்சல் தெரியுமா என்பதைத் தபாலில் கேட்பதுபோல. பள்ளியில் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் திருகு அளவியைத் தொட்டே பார்க்காத பிள்ளை, அதன் சுழிப்பிழையை எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்று சூத்திரத்தை நெட்டுருப் போடுகிறான். அந்தப் பாடம் தாளில் பச்சை. லாபம் அதிகமாம்.

2025 ஜனவரித் தேர்வில் இதே முகமை 12 கேள்விகளைக் கைவிட்டது. அவர்கள் ஒரு டஜன் தப்பு விட்டால் அது ‘இறுதி விடைக்குறிப்பு’. பிள்ளை ஒன்று தப்பு விட்டால் மைனஸ் ஒன்று. முகமைக்கு யார் மைனஸ் போடுவது? 2024 பாடத்திட்டத்திலிருந்து ஒலியின் டாப்ளர் விளைவையும் தூக்கிவிட்டார்கள். எங்கள் ஊர் பஸ்ஸுக்கு மட்டும் சுற்றறிக்கை வரவில்லை போலிருக்கிறது. ஸ்டாண்டை நோக்கி வரும்போது ஹாரன் ஒரு சுதி, தாண்டிப் போகும்போது ஒரு சுதி என்று இன்னும் பழைய பாடத்திட்டத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கோச்சிங் வியாபாரத்துக்குத் தலைநகரம் ராஜஸ்தானின் கோட்டா. 2023இல் அங்கே படிக்க வந்த பிள்ளைகள் அடுத்தடுத்து உயிரை விட்டபோது மாவட்ட நிர்வாகம் தீவிரமாக யோசித்து, விடுதி மின்விசிறிகளில் சுருள்வில் பொருத்தச் சொல்லி உத்தரவு போட்டது. ஹூக் விதி, பிளஸ் ஒன் பாடம். பிள்ளை ஏன் சாக நினைக்கிறான் என்ற கேள்வியைச் சிவப்பில் போட்டுவிட்டு, ஃபேனுக்கு ஸ்பிரிங் வாங்கினார்கள். மனிதர்கள் செய்த காரியம் இது. எழுதும்போதே கை கூசுகிறது.

சாயங்காலம் அவனைக் காட்டுப்பக்கம் கூட்டிப்போனேன். அறுத்து முடித்த சோளத்தட்டைக்கு நடுவில் தாத்தா வெட்டிய கிணறு. கப்பி கழன்று வருஷமாகிறது. இந்தப் பக்கம் எல்லோருமே போர்வெல் போட்டு, அதற்குள் இன்னும் ஆழமாகப் போரைப் போட்டு, கிணற்றை மறந்துவிட்டார்கள்.

ஒரு கல்லை எடுத்துக் கொடுத்து, “போட்டுட்டு எண்ணு” என்றேன்.

போட்டான். எண்ணினான். ஏறக்குறைய இரண்டு நொடி. இருபது மீட்டர் என்று அவனே மனசுக்குள் கணக்குப் போட்டுச் சொன்னான். சத்தம் மேலே ஏறி வர ஆகும் நேரம் ஒரு நொடியில் பதினேழில் ஒரு பங்கு, அதை விட்டுவிடலாம் என்றும் சேர்த்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கோச்சிங் போக ஆரம்பித்த பிறகு நான் பார்க்காதது.

பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“புத்தகத்துல தண்ணியில விழுற சத்தம்னுல மாமா போட்டிருக்கும். இது மண்ணுல விழுந்துச்சு. ஃபார்முலா மாறுமா?”

மாறாது என்றேன்.

பையிலிருந்து தாளை எடுத்து, மங்கிய வெளிச்சத்தில் விரலால் தடவித் தேடினான். இயக்கவியல், மஞ்சள். நேரம் இருந்தால் பார்க்கவும்.