பிரெஞ்சில் எழுதப் போகிறீர்களா?

கே: டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் எழுத்துப் பிரிவில் 250 சொற்கள் கேட்கிறார்கள். 400 எழுதினால் மதிப்பெண் கூடுமா? (திருச்சி)

ப: பிழைகள் கூடும். 250 என்பது குறைந்தபட்சம். 280-ல் நிறுத்தி, மிச்ச நேரத்தில் திருத்துங்கள்.

கே: இருப்பதே ஒரு மணி நேரம். எப்படிப் பங்கிடுவது? (காரைக்கால்)

ப: குறிப்புக்கு 10 நிமிடம், எழுத 40, திருத்த 10. துண்டுத்தாளில் முழுக்க எழுதிவிட்டு, பிறகு அழகாகப் படியெடுக்கலாம் என்று நினைத்தால் பாதிக் கடிதத்தில் மணி அடித்துவிடும்.

கே: மாதிரிக் கட்டுரைகள் இருபதை உருப்போட்டால் போதாதா? (மதுரை)

ப: தென்னை மரத்தைப் படித்துப் போய், பசுவைப் பற்றிக் கேட்டதும் அதைத் தென்னையில் கட்டிய பையனின் கதைதான் ஆகும். தொடக்க வரி, முடிவு வரி, இணைப்புச் சொற்கள், இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். 'நகர மையத்தில் கார்களுக்குத் தடை. குடியிருப்போர் சார்பில் மேயருக்கு எழுதுக' என்று கேள்வி வந்தால், நான் யார், யாருக்கு எழுதுகிறேன், என்ன வேண்டும் என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மூன்று வாதம், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம்.

கே: மேயருக்கு 'த்யு' (நீ) போட்டால் நட்பாக இருக்குமே? (கோவை)

ப: கலெக்டருக்கு மனு எழுதும்போது 'நீ' போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கடைசி வரி வரை 'வூ' (நீங்கள்) தான்.

கே: திருத்தும்போது எதைப் பார்ப்பது? (புதுச்சேரி)

ப: முதலில் வினைமுற்று எழுவாயோடு ஒத்துப்போகிறதா என்று. அடுத்து பால், பன்மை. பிரெஞ்சில் மேசை பெண்பால், நாற்காலியும் பெண்பால், அவை கிடக்கும் அலுவலகம் ஆண்பால். நியாயம் கேட்காதீர்கள், பெயர்ச்சொல்லை அதன் பால் காட்டும் முன்சொல்லோடு சேர்த்தே படியுங்கள்.

கே: கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் நான் புலி. எழுத்தில் 25-க்கு 4 வாங்கினால்? (சென்னை)

ப: புலி ஃபெயில். மொத்தம் 100-க்கு 50 வேண்டும். அதோடு ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 5 வேண்டும்.

கே: டெல்ஃப் வாங்கிவிட்டேன், ஆயுளுக்கும் செல்லுமாம். கனடாவில் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குப் போதும்தானே? (யாழ்ப்பாணம்)

ப: போதாது. அங்கே பிரெஞ்சுக்கு டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா தேர்வுதான் எடுபடும். இரண்டுக்கும் ஆயுள் 2 ஆண்டு. டிசிஎஃப் கனடாவில் 60 நிமிடத்தில் மூன்று பணிகள் எழுத வேண்டும். எந்தத் தேர்வு தேவை என்று தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

கே: தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்? (சேலம்)

ப: புது இலக்கணத்தைத் தொடாதீர்கள். தினம் ஒரு கடிதம், கடிகாரத்தை எதிரே வைத்து எழுதுங்கள். காகிதத் தேர்வு என்றால் பேனாவில். செல்போன் எழுத்துப்பிழை திருத்தும், தேர்வு அறைக்கு வராது. எழுதியதை ஆசிரியரிடம் காட்டி, சிவப்பு மை விழுந்த வரியை மறுநாள் திருத்தி எழுதுங்கள். தேர்வாளர் உங்களிடம் விக்தோர் யூகோவைத் தேடவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதினால் போதும்.