ஃபிலிமே இல்லாமல் சினிமா படித்தவர்கள்

விஸ்காம் படிக்கிற பையனிடம், "என்னப்பா, ஷார்ட் ஃபிலிம் எப்ப எடுக்கப் போறே?" என்று கேட்டுப் பாருங்கள். லென்ஸ் வாடகை கட்டுப்படியாகவில்லை, எடிட் பண்ண உட்கார்ந்தால் லேப்டாப் ஹேங் ஆகிறது என்று ஒரு பட்டியலே வாசிப்பான். பாவம்! அவனை அப்படியே தூக்கிக்கொண்டு போய் 1919-ம் வருஷத்து மாஸ்கோவில் இறக்கிவிட வேண்டும். ஸ்வெட்டரோடுதான். நாம் என்ன அவ்வளவு கொடுமைக்காரர்களா?

அந்த வருஷம்தான் உலகின் முதல் சினிமாப் பள்ளியை அங்கே திறந்தார்கள். பின்னாளில் பெரிய இயக்குநரான தார்க்கோவ்ஸ்கியெல்லாம் படித்த இடம். ஆனால் திறந்த நேரம் இருக்கிறதே! புரட்சி முடிந்த கையோடு உள்நாட்டுப் போர். ரொட்டிக்குத் தட்டுப்பாடு, விறகுக்கும் தட்டுப்பாடு. அரசாங்கம் சினிமாத் தொழிலைத் தேசியமயமாக்க, பெரிய தயாரிப்பாளர்கள் நட்சத்திரங்களையும் கூட்டிக்கொண்டு தெற்குப் பக்கம் ஓடிவிட்டார்கள். ஃபிலிமோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சரக்கு. வருகிற வழியெல்லாம் அடைப்பு. ஆக, பள்ளிக்கூடம் ரெடி, மாணவர்கள் ரெடி, ஃபிலிம் மட்டும் இல்லை. தண்ணீர் விடாத குளத்தில் நீச்சல் வகுப்பு!

வாத்தியாருக்காவது தலை நரைத்திருந்ததா என்றால், அதுவும் இல்லை. லெவ் குலெஷோவுக்கு அப்போது இருபது வயது. அவரிடம் பாடம் கேட்க வந்த புடோவ்கின், வாத்தியாரைவிட ஆறு வயது மூத்தவர். கெமிஸ்ட்ரி படித்து, முதல் உலகப் போரில் அடிபட்டு, ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்துவிட்டு வந்த மனுஷர். "வணக்கம், தம்பி... மன்னிக்கணும், சார்" என்று தடுமாறியிருப்பாரோ என்னவோ!

மற்ற மாணவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பார்னெட் என்பவர் குத்துச்சண்டைக்காரர். ஹொக்லோவா, மாஸ்கோவின் புகழ்பெற்ற ஓவியக்கூடத்தை நிறுவிய த்ரெத்யாகோவின் பேத்தி. ஒல்லி, உயரம், கதாநாயகி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எந்த இலக்கணத்துக்கும் அடங்காத முகம். குலெஷோவ் அந்த முகத்துக்கு க்ளோஸ்-அப் வைத்தார். பிறகு கல்யாணமும் செய்துகொண்டார்.

இந்த ஜமாவுக்கு ஃபிலிம் இல்லாமல் என்ன சொல்லிக்கொடுப்பது? அங்கேதான் நம்ம குட்டி வாத்தியாரின் மூளை வேலை செய்தது. 'ஃபிலிம் இல்லாத படங்கள்' என்று ஒரு வகுப்பையே ஆரம்பித்தார். ஷாட் பிரித்து, காட்சி எழுதி, ஒத்திகை பார்த்து, எல்லாவற்றையும் மேடையிலேயே நடத்தினார்கள். ஒரு துண்டுக் காட்சி, சட்டென்று அடுத்த துண்டு, அடுத்தது என்று திரையில் கட் ஆவது போலவே மாறும். எடிட்டிங் மேஜையே கிடையாது; மாணவர்கள்தான் ஓடி ஓடி கட் ஆனார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர்கள் ஏட்டுச் சுரைக்காயை வைத்தே விருந்து போட்டுவிட்டார்கள்.

சரி, வாத்தியார் எங்கே கற்றுக்கொண்டார்? விபத்தில்தான். 1918-ல் 'இன்ஜினியர் பிரைட்டின் திட்டம்' என்று ஒரு படம் எடுத்தார். கதாபாத்திரங்கள் வயல்வெளியில் நடந்து மின்கம்பங்களைப் பார்க்க வேண்டும். கம்பங்கள் இருந்ததோ வேறு இடத்தில். இந்த ஆட்கள் எங்கேயோ பார்ப்பதை ஒரு ஷாட், கம்பங்களை ஒரு ஷாட் என்று தனித்தனியாக எடுத்து ஒட்டிப் பார்த்தார். அட, ஒரே இடம் மாதிரி இருக்கிறதே! நம்ம ஊர் ஹீரோ மயிலாப்பூரில் கதவைத் திறந்து சுவிட்சர்லாந்தில் டூயட் பாடுவதன் ஆதிமூலம் இந்த ஒட்டு வேலைதான்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? கொஞ்சம் ஃபிலிம் கைக்கு வந்ததும் செய்த அடுத்த பரிசோதனையில் ஹொக்லோவா மாஸ்கோவில் ஒரு தெருவில் நடக்கிறார். ஒபலென்ஸ்கி என்ற நடிகர் ஆற்றங்கரையில் வருகிறார். இருவரும் மூன்றாவதாக ஓர் இடத்தில் கை குலுக்குகிறார்கள். எதையோ நிமிர்ந்து பார்க்கிறார்கள். கட் பண்ணினால்... அமெரிக்க வெள்ளை மாளிகை! ஏதோ அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டிய துண்டு. விசா இல்லை, விமானம் இல்லை, கத்தரிக்கோல் மட்டும் போதும். இன்னொரு தரம், ஒருத்தி கண், ஒருத்தி உதடு, ஒருத்தி கால் என்று பல பெண்களின் துண்டுகளை ஒட்டி, உலகத்தில் இல்லாத ஒரு பெண்ணையே படைத்துவிட்டார். பிரம்மாவுக்குக்கூட இவ்வளவு கன்டின்யுட்டி வருமா என்பது சந்தேகம்தான்.

இனி வருவதுதான் சூப்பர் ஹிட். இவான் மொஸ்ஜூகின் அந்தக் காலத்து ரஷ்ய சூப்பர் ஸ்டார். அவருடைய பழைய படத்திலிருந்து, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு க்ளோஸ்-அப்பை உருவினார்கள். அதோடு ஒரு கிண்ணம் சூப்பை ஒட்டினார்கள். அப்புறம் அதே முகத்தோடு சவப்பெட்டியில் ஒரு பெண். அப்புறம் அதே முகத்தோடு விளையாடும் ஒரு குழந்தை. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்களாம். சூப்பைப் பார்க்கும்போது என்ன பசி! பிணத்தைப் பார்க்கும்போது என்ன சோகம்! குழந்தையைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் என்ன கனிவு! மூன்றும் ஒரே முகம். அண்ணன் எதையுமே பார்க்கவில்லை.

இதைவிடக் கூத்து, 1920-லேயே மொஸ்ஜூகின் ரஷ்யாவை விட்டுக் கிளம்பி பிரான்ஸில் போய் செட்டிலாகிவிட்டார். அவர் அங்கே மாங்கு மாங்கென்று நடித்துத் தள்ளிய படங்களைவிட, இங்கே அவருக்கே தெரியாமல் ஒட்டிய சில வினாடிகள்தான் இன்றைக்கும் சினிமா வகுப்புகளில் பாடம். பேட்டாகூட இல்லாத வேஷம்!

சிரிக்காதீர்கள். கல்யாண வீட்டில் யாரோ ஒரு வார்த்தை சொன்னதும் சீரியலில் மாமியார், மருமகள், நாத்தனார் முகங்களை மூன்று மூன்று தடவை ஜூம் பண்ணுகிறார்களே, அது என்ன? வடிவேலுவின் ஒரே முகத்தை பெட்ரோல் விலைக்கும் பரீட்சை ரிசல்ட்டுக்கும் மாற்றி மாற்றி மீம் போடுகிறீர்களே, அது என்ன? எல்லாம் குலெஷோவ் போட்ட பிச்சைதான். ஒரு வித்தியாசம்: வடிவேலு நிஜமாகவே நடித்திருக்கிறார்.

எப்போதும்போல, வாத்தியாரைத் தாண்டி மாணவர்கள் போய்விட்டார்கள். சில மாதம் வந்து எட்டிப் பார்த்த ஐசன்ஸ்டீன் 1925-ல் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' எடுத்தார். மறு வருஷம் புடோவ்கின் 'தாய்' எடுத்தார். குலெஷோவுக்கு மிஞ்சியது தன் பெயரில் ஒரு 'எஃபெக்ட்'. அதிலும் வில்லங்கம்: அந்தப் பெயரை வாங்கித் தந்த மொஸ்ஜூகின் பரிசோதனையில் எந்தெந்த ஷாட்டை ஒட்டினோம் என்பதில் வாத்தியார் ஒன்று சொன்னார், புடோவ்கின் இன்னொன்று சொன்னார். நான் மேலே சொன்ன சூப்பும் சவப்பெட்டியும் குழந்தையும் புடோவ்கின் கணக்கு.

"ரீலைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது!" என்பீர்கள். அந்த ரீல் இன்று இல்லை. இணையத்தில் நாம் பார்ப்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் செய்துகாட்டியவை. வாத்தியார் சொன்னது ஒரு துண்டு, மாணவர் சொன்னது ஒரு துண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து நடுவில் இருப்பதை நாமே நிரப்பிக்கொண்டு, நூறு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறோம். குலெஷோவ் சொன்னதும் அதைத்தானே? பரிசோதனை மொஸ்ஜூகினோடு முடியவில்லை. இப்போது நம் மேல் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, விஸ்காம் தம்பி, உன் ஃபோனை எடு. ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் முகத்தைப் பத்து வினாடி எடு. நடிக்கச் சொல்லாதே, கெடுத்துவிடுவார். அதோடு கரன்ட் பில்லை ஒட்டு. அப்புறம் அதே முகத்தோடு ஒரு டம்ளர் பாயசத்தை ஒட்டு. வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டு. லென்ஸ் வாடகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.