தீராத வயிற்றுவலி

சேலம், நாமக்கல் சமவெளியில் மனச்சோர்வு என்றொரு நோய் கிடையாது. நம்பாதவர்கள் ஏதாவதொரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தை விரித்துப் பாருங்கள். தறி ஓட்டியவர், லாரிக்கு பாடி கட்டியவர், மரவள்ளி போட்டவர், இரண்டு பிள்ளை பெற்றவள் என்று யார் உயிரை மாய்த்துக்கொண்டாலும் அவருக்கு இருந்தது தீராத வயிற்றுவலி. பல இடங்களில் வைத்தியம் பார்த்தும் குணமாகவில்லை, மனமுடைந்தார், செய்தி முடிந்தது. இத்தனை வயிறுகள் இத்தனை காலமாக வலித்துக்கொண்டிருக்க, உலகத்துக் குடல் வைத்தியர்கள் ராசிபுரத்தில் இன்னும் ஒரு மாநாடு போடாதது பெரிய குறைதான்.

காவல் நிலையத்தில் புகார் எழுதும் ஏட்டையாவையும் குறை சொல்ல முடியாது. "என்னங்க காரணம்?" என்று கேட்கிறார். கடன் என்றால் கொடுத்தவர் பெயர் வரும். அவர் ஊர்ப் பெரிய மனிதர். புருஷன் அடித்தான் என்றால் வழக்கு வேறு பிரிவுக்குப் போகும். மனசு சரியில்லாமல் இருந்தார் என்றால் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது. வயிறு யாருக்கும் விரோதி இல்லை. அதற்குச் சாதி சனம் இல்லை, அது யாரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றாது. பங்காளிகள் கையெழுத்துப் போட, சடங்கு நேரத்துக்கு உடல் வீடு வந்து சேரும்.

இப்படி எல்லாரும் கூடி மறைத்த பிறகும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. லட்சம் பேருக்கு நாட்டின் சராசரி 12.4, நம்முடையது 25.9. இந்தியாவின் மருத்துவத் தலைநகரம் என்று மேடைதோறும் மார்தட்டும் மாநிலத்தின் கணக்கு இது. தமிழ்நாட்டையும் சேர்த்து 12 மாநிலங்களில் 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெருமனச்சோர்வு உள்ள நூறு பேரில் சுமார் 85 பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்றது. அவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கோ வரிசையில் நிற்கிறார்கள் போலிருக்கிறது.

ஒரு ஜீவனுக்கு அயற்சி வந்தால் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நாமக்கல்லுக்குத் தெரியாத விஷயமல்ல. அந்த ஜீவன் கோழியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனை மையம் வெயில் ஏறும்போதெல்லாம் அறிக்கை விடுகிறது. கோழிகளுக்கு வெப்ப அயற்சி வரலாம், தண்ணீர் இப்படிக் கொடுங்கள், தீவனத்தில் இன்னதைச் சேருங்கள் என்று பத்திரிகைகளில் வருகிறது. தீவனம் எடுப்பது ஒரு நாள் குறைந்தாலே பண்ணைக்காரர் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிடுவார். செத்த கோழியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதி வாங்குவார். எந்தக் கோழியும் தீராத வயிற்றுவலியால் இறந்ததாக இதுவரை சான்றிதழ் வரவில்லை.

அதே கொட்டாயில் முட்டை பொறுக்குகிற அம்மா மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. கை கால் இரும்பாகக் கனக்கிறது. பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, தான் எல்லாருக்கும் பாரம் என்ற நினைப்பு விடிய விடிய அரிக்கிறது. மருத்துவப் பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கும் அடையாளங்கள் இவை. எங்கள் பக்கத்தில் இதற்குக் கிடைக்கும் வைத்தியம் வேறு. "தெகிரியமா இருக்கோணும் அம்மிணி." "கடன் யாருக்குத்தான் இல்லீங்க, எல்லாருமா படுத்துக்கிட்டோம்?" "வேலவெட்டி இல்லாம ஒக்காந்து யோசிச்சா இப்படித்தான்." கடைசியில் ஒரு மாமன் வந்து, "ஒரு நடை குணசீலம் போய்ட்டு வந்துரலாம்" என்பார். மனநோய் தீரும் என்று நம்பிக் கூட்டிப்போகும் கோவில் அது. மாமனை நான் கேலி செய்யமாட்டேன். இந்த ஊர்வலத்தில் அவர் ஒருவர்தான் அது நோய் என்று ஒப்புக்கொண்டவர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து முசிறி தாண்டிக் கூட்டிப்போய், ஒரு மண்டலம் கோவிலில் கூடவே தங்கவும் தயாராக இருக்கிறார். அரசாங்கத்தில் அப்படி ஒரு மாமன் இல்லை.

தப்பு, அரசாங்கமும் பரிசோதனை செய்கிறது. திங்கட்கிழமைதோறும் செய்கிறது. திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் 2017 அக்டோபர் 23 அன்று கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்கிரையானது. அன்றிலிருந்து குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வருபவர்களின் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்த்து உள்ளே அனுப்புகிறார்கள். உயிருக்கு ஆபத்தில் இருப்பவரை வாசலிலேயே கண்டறிய ஒரு மாவட்டம் வைத்திருக்கும் முறையான ஏற்பாடு இது ஒன்றுதான், அதை நடத்துவது காவல்துறை. பாட்டில் அகப்பட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். பாட்டில் கொண்டுவந்தவரை என்ன செய்வது என்று சுற்றறிக்கையில் இல்லை.

சட்டத்தில் இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அதோடு நிற்காமல், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தந்து மறுபடி அந்த ஆபத்து வராமல் பார்ப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. முதல் பாதியை ஓரளவு நிறைவேற்றினோம். 2024 ஜூலை 1 அன்று வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவு இல்லை. ஆனால் அதே சட்டத்தில் 226 என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தில் தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை. வீட்டுக்குள் யாருக்கும் தொந்தரவில்லாமல் முயன்றால் நோயாளி. கலெக்டர் ஆபீஸ் வாசலில் முயன்றால் குற்றவாளி. அரசுக்கு இதில் பிடிக்காதது சாவு இல்லை, இடம்.

பையைச் சோதிக்கும் கை, பூச்சிமருந்துக் கடைக்குள் நுழையக் கூச்சப்படுவது இன்னொரு வேடிக்கை. இலங்கை 1995 முதல் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. நாமோ தடை என்றாலே விளைச்சல் என்னாவது என்று பதறுகிறோம். இலங்கையில் விளைச்சல் அதனால் விழுந்துவிடவில்லை.

சரி, ஒருவர் பிழைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிபாளையம் பக்கத்துத் தறிக்காரர். 108 வண்டியில் வந்தார், அவசர சிகிச்சைப் பிரிவில் இரவெல்லாம் போராடி மீட்டார்கள். அந்த டாக்டர்களையும் நர்சுகளையும் கும்பிட வேண்டும். வயிற்றைக் கழுவுவதில் நம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஈடு கிடையாது, அவ்வளவு பழக்கம். போலீசுக்குத் தகவல் போகும், வாக்குமூலம் எழுதப்படும், ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கும். அவரிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று மிச்சம்: "இப்பவும் சாகணும்னு தோணுதாங்க?" கேட்டால் நினைப்பை நாமே விதைத்ததாகிவிடும் என்று படித்தவர்களே பயப்படுகிறார்கள். ஆராய்ச்சிகள் இதை எப்போதோ பொய்யென்று காட்டிவிட்டன. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் பெருமூச்சு விடுகிறார், பேசத் தொடங்குகிறார். கேட்பதற்குக் கருவி வேண்டாம், டெண்டர் வேண்டாம். அதனால்தானோ என்னவோ யாரும் கேட்பதில்லை.

நல்ல நாளாக இருந்தால் மனநல மருத்துவர் படுக்கைக்கு வந்து பார்ப்பார், மாத்திரை எழுதுவார். மாத்திரை விலை ஒரு டீயைவிடக் குறைவு. ஆனால் அது மனசில் ஏறிப் பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். அந்த இடைவெளிதான் கண்டம். ஆஸ்பத்திரியை விட்டுப் போன முதல் வாரங்களும் முதல் மூன்று மாதங்களும் மிக அபாயமானவை என்று உலகம் முழுக்கத் தெரியும். நாம் அந்தக் கண்டத்தில்தான் அவரை ஒரு சீட்டோடு பஸ் ஏற்றிவிடுகிறோம்: அடுத்த மாதம் வாருங்கள். மாத்திரை மூன்றாம் நாள் வேலை செய்யவில்லை என்று ஐந்தாம் நாள் நிறுத்திவிடுவார். மச்சான்காரர் தூக்க மாத்திரை பழகிவிடும் என்று பயமுறுத்தியிருப்பார். நோய் முற்றி உயிருக்கு ஆபத்தான நிலையில் மின் அதிர்வுச் சிகிச்சை பலமுறை காப்பாற்றியிருக்கிறது, மயக்கம் கொடுக்காமல் அதைச் செய்யச் சட்டமே அனுமதிப்பதில்லை. ஆனால் நம் சினிமாவில் அது வில்லன் கதாநாயகனுக்குக் கொடுக்கும் தண்டனை. நூறு டாக்டர் விளக்கினாலும் ஒரு காட்சி ஜெயித்துவிடும்.

இதற்கு என்ன வழி என்று யாருக்கும் தெரியாமலில்லை. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஒரு சோதனை செய்தது. சென்னையும் கொழும்பும் அதில் இருந்தன. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு, வீட்டுக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போன் அல்லது நேரில் விசாரிப்பு. "எப்படி இருக்கீங்க?" 2008இல் வந்த முடிவு: வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 18 பேர் தற்கொலையில் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 2 பேர். எல்லா ஊரிலும் இதே அளவு பலன் வந்தே தீரும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் சென்னை வரை வந்த அந்த ஒன்பது போன் சங்ககிரி தாண்டி வர ஏன் இத்தனை வருஷம்?

ஊரில் போன் இல்லாமலா? அந்தத் தறிக்காரரின் போன் ஓயாமல் அடிக்கிறது. குழுக்கடன் கலெக்‌ஷன் தம்பி தவணை நாளன்று விடியுமுன் கூப்பிடுகிறார். எடுக்காவிட்டால் மனைவிக்கு, மனைவி எடுக்காவிட்டால் குழுத் தலைவிக்கு, அப்புறம் நேரில் வாசலுக்கே வந்து நிற்கிறார். தறி முதலாளி முன்பணத்தை நினைவுபடுத்தக் கூப்பிடுகிறார். 2025இல் பள்ளிபாளையம் தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் விலைபோன கதை வெளியே வந்ததே, அதில் தரகர்கள் வீடு தேடி வந்தார்கள், கூடவே இருந்து கூட்டிப்போனார்கள். ஒரு நோயாளியை விடாமல் தொடர்வது எப்படி என்று சுகாதாரத் துறை பயிற்சி பெற வேண்டுமானால் ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

காசில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரில் பெரிய மருத்துவமனை நிற்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2022 நவம்பரில் வந்த தேசிய தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் சாவை 10 சதவீதம் குறைப்போம் என்கிறது. மீதி 90 சதவீதம் பேர் அடுத்த உத்திக்குக் காத்திருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் 104ம் இருக்கின்றன. இவற்றைக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை. நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். நான் கேட்பது வேறு. சாகத் துணிந்தவர்தான் போன் போட வேண்டும் என்று எவன் எழுதிவைத்தான்? படுக்கையிலிருந்தே எழ முடியாதவரிடம் நீங்கள் கூப்பிடுங்கள் என்று எண்ணைக் கொடுக்கிறோம். அவருடைய எண் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில், போலீஸ் இன்டிமேஷனில், ஆதாரில், ரேஷன் கார்டில், பத்து கடன்காரரிடம் இருக்கிறது.

இப்படியெல்லாம் கேட்டால் செப்டம்பர் 10 வரை பொறுங்கள் என்பார்கள். அன்று உலக தற்கொலைத் தடுப்பு தினம். கலெக்டர் கொடியசைப்பார், நர்சிங் கல்லூரிப் பெண்கள் பதாகை பிடித்து வெயிலில் நடப்பார்கள், உறுதிமொழி வாசிக்கப்படும், மறுநாள் படம் வரும். அந்தப் பெண்கள் ஆளுக்கொரு நோயாளியின் எண்ணை வாங்கி அன்று காலை ஒரு மணி நேரம் பேசியிருந்தால் மாவட்டத்தில் அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அத்தனை பேரையும் விசாரித்து முடித்திருக்கலாம். ஆனால் போன் பேசுவதைப் படம் எடுத்தால் நன்றாக வராது, கொடியும் அசைக்க முடியாது.