நுரைமது விசாரம்

எந்தச் சாஸ்திரத்தைத் தொடங்கினாலும், அது எதைப் பற்றியது, யாருக்கு உரியது, எதற்குப் பயன்படுவது, இவை ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்துகின்றன என்னும் நான்கையும் முகப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நம் பெரியோர் விதித்திருக்கிறார்கள். விஷயம், அதிகாரி, பிரயோஜனம், சம்பந்தம் என்று அவர்கள் பெயரிட்ட அந்நான்கில் ஒன்று குறைந்தாலும் கற்றோர் ஏட்டைத் தொடமாட்டார்கள் ஆகையால், முதற்கண் அக்கடமையைத் தீர்த்துவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் நதிப் பள்ளத்தாக்கின் மேப்பிள் மரங்கள் சிவந்து இலை உதிர்க்கும் அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், ஆப்பிள் சாற்றையும் வாசனைச் சரக்குகள் ஊறிய சீனிப்பாகையும் நுரைக்கும் வெள்ளைத் திராட்சை மதுவோடு சேர்த்து முற்பகலில் அருந்தும் கலவையே விஷயம். முந்தின இரவு தாமதமாக வீடு திரும்பி, மறுநாள் பத்து மணிக்கு எழுந்து, அதற்காகச் சிறிதும் வெட்கப்படாதவர் அதிகாரி. அவர் குடிப்பதை அவருடைய மனைவியும் மாமியாரும் ஆக்ஷேபியாதிருப்பதோடு, தங்களுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் கேட்பது பிரயோஜனம். சம்பந்தம் போகப்போக விளங்கும். விளங்காவிட்டாலும் சாஸ்திர நூல்களில் அது புதிதன்று.

முதலில் காலநிர்ணயம். காலை உணவையும் பகல் உணவையும் ஒன்றாக்கி, ஞாயிறு முற்பகலில் 'பிரஞ்ச்' என்ற பெயரால் சாவகாசமாக உண்ண வேண்டும் என்று அச்சில் வாதாடியவர் கை பெரிங்கர் என்னும் ஆங்கிலேயர். 1895-ல் ஹன்டர்ஸ் வீக்லி என்ற பத்திரிகையில் அவர் எழுதிய விண்ணப்பம் சனிக்கிழமை இரவு களித்தவர்களின் தலைவலியை முன்னிட்டே எழுதப்பட்டது என்பதை அதைப் படித்த எவரும் ஒப்புவர். தேநீருக்கும் காபிக்கும் பதிலாக பீரும் விஸ்கியும் அருந்தலாம் என்று அதிலேயே அனுமதியும் கொடுத்துவிட்டார். பெரிங்கர் கொடுத்த அனுமதியை நியூயார்க் சட்டம் நெடுங்காலம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முன் உணவுவிடுதிகளில் மது பரிமாறலாகாது என்றிருந்த விதி 2016-ல்தான் திருத்தப்பட்டுப் பத்து மணி என்று ஆயிற்று. இத்திருத்தத்தின் உண்மையான மகிமை அதை நிறைவேற்றிய சட்டசபைக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை என்பது நம் வீட்டு நாட்காட்டித் தாளைக் கிழிப்பவர் அனைவரும் அறிந்தது. ஆகவே பழைய சட்டம் அந்த மாநிலத்து மக்களைச் சரியாக எமகண்டம் பிறக்கும் வினாடியில் கிண்ணத்தை எடுக்கும்படி கட்டாயப்படுத்தி வந்தது. அக்டோபரில் அங்கே சூரியன் உதிக்க ஏழு மணியாகுமே, எமகண்டமும் அதற்கேற்பத் தள்ளிப்போகாதா என்று கேட்கும் ஜோதிட பண்டிதர்கள் உண்டு. அச்சிட்டிருக்கும் மணியைப் பார்த்து நடப்பதே நம்மவர் ஆசாரம் என்பது அவர்களுக்குச் சமாதானம். ராகுகாலமோ மாலை நாலரைக்கு மேல்தான் ஆகையால் அதைப் பற்றிய கவலை வேண்டாம்.

இனி இந்த ஆராய்ச்சியின் மையத்துக்கு வருகிறேன். முற்பகல் பதினொரு மணிக்கு ஒருவர் வெறும் மதுவைக் கையில் ஏந்தினால் உலகம் அவரைக் குடிகாரர் என்கிறது. அதே மதுவில் ஆரஞ்சுச் சாற்றைக் கலந்தால், பழம் உடம்புக்கு நல்லது என்று சொல்லிப் பாதி உலகம் வாயை மூடிக்கொள்கிறது. 1921-ல் லண்டன் பக்ஸ் கிளப்பிலும், சில ஆண்டுகள் கழித்துப் பாரிஸ் ரிட்ஸ் ஹோட்டலிலும் பெயர் பெற்ற ஆரஞ்சுக் கலவைகள் இந்த உபாயத்தினாலேயே பகல் வெளிச்சத்தில் நடமாடின. ஆனால் மீதிப் பாதி உலகத்தையும் மௌனமாக்க வல்லது பழம் அன்று, கிராம்பு. பட்டை, கிராம்பு, சாதிக்காய் என்ற இம்மூன்றின் மணம் மூக்கில் ஏறிய கணத்திலேயே மனிதனுடைய நியாய புத்தி, இது மருந்து என்று தீர்ப்பு எழுதி முத்திரை வைத்துவிடுகிறது. இக்கலவையில் கர்த்தா மதுவுமன்று, நுரையுமன்று; மதுவுக்கு மருந்து வேஷம் கட்டிவிடும் சரக்குப் பெட்டியே என்பது என் சித்தாந்தம்.

இதற்குச் சரித்திரப் பிரமாணம் வலுவாகவே இருக்கிறது. 'காக்டெயில்' என்பது சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு என்ற நான்கும் சேர்ந்தது என்று முதன்முதலில் இலக்கணம் வகுத்தது 1806 மே 13-ந் தேதியிட்ட ஒரு பத்திரிகை. அது வெளிவந்ததும் இதே நதிக்கரையில் உள்ள ஹட்சன் என்ற ஊரிலிருந்துதான். (அதை ஒரு கிண்ணம் விழுங்கியவன் பிறகு எதையும் விழுங்குவான் ஆகையால் தேர்தலில் நிற்பவர்களுக்கு அது மிக உபயோகம் என்று அப்பத்திரிகாசிரியர் சேர்த்துக்கொண்டதை, அரசியல் சம்பந்தமானது என்று இங்கே விட்டுவிடுகிறேன்.) அந்த நான்கில் கசப்புச் சாறு வயிற்று மருந்தல்லாமல் வேறென்ன? பொலிவாரின் சேனையில் ரண வைத்தியராக இருந்த சீகெர்ட் என்னும் ஜெர்மானியர் வெனிசுவேலாவின் அங்கொஸ்துரா நகரத்தில் 1824-ல் மூலிகைகளை ஊறவைத்துக் கண்ட கசப்பு, போர்வீரர்களின் அஜீரணத்துக்காகவே உண்டாயிற்று. 1862-ல் ஜெர்ரி தாமஸ் தம்முடைய மதுக்கலவை நூலை வெளியிட்டபோது, கசப்புச் சாறும் சர்க்கரையும் ஷாம்பேனோடு கூடிய கலவை அதில் இடம்பெற்றது. மருத்துவசாலையிலிருந்து மதுச்சாலைக்கு வருவதற்கு அந்தச் சரக்குகள் எடுத்துக்கொண்ட காலம் அவ்வளவே.

சாதிக்காயின் சம்பந்தம் இன்னும் நெருக்கமானது. 1667-ல் பிரெடா நகரத்தில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் சமாதானம் செய்துகொண்டபோது, அவரவர் கையில் இருப்பது அவரவருக்கே என்று முடிவாயிற்று. அதன்படி சாதிக்காய் விளையும் பாண்டாத் தீவுகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்றான ரன் என்பது டச்சுக்காரரிடமும், மூன்றாண்டுகளுக்கு முன் பிடிபட்ட மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடமும் தங்கின. லாபம் தங்களுக்கே என்று டச்சுக்காரர் அன்று மகிழ்ந்திருக்க வேண்டும்; சாதிக்காய் விலை அப்படி இருந்தது. இன்று மன்ஹாட்டனில் ஒரு கிண்ணத்துக்குக் கொடுக்கும் விலையில் சாதிக்காய் மூட்டையே வாங்கலாம்போல் இருக்கிறது என்றாலும், அந்தக் கிண்ணத்துக்குள் சாதிக்காய் இல்லாமல் அந்த விலை கேட்க முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டை விஷயத்தில் இலங்கையின் உரிமையை நான் மறக்கவில்லை. காகிதம்போல் மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டு, விரலால் நொறுக்கினால் உதிர்வது இலங்கைப் பட்டை. தடித்த ஒரே தோலாகச் சுருண்டு, உலக்கைக்கும் சற்று யோசித்தே மசிவது அமெரிக்கக் கடைகளில் அப்பெயரால் விற்கும் காசியா. தேசாபிமானிகள் வருத்தப்பட்டாலும் சொல்லத்தான் வேண்டும்: ஆப்பிளோடு மல்லுக்கு நிற்க இந்த முரட்டுப் பட்டையே ஏற்றது. இலங்கைப் பட்டையின் நளினம் சீனிப்பாகில் கரைந்து காணாமற் போய்விடுகிறது.

அனுஷ்டான காண்டத்தில் முதல் சர்ச்சை, சரக்குகளைப் பொடியாக இடுவதா, பாகாக இடுவதா என்பது. பொடிக் கட்சியார் அவசரக்காரர்கள். அவர்கள் கிண்ணத்தில் பட்டைப் பொடியைத் தூவி மதுவை ஊற்றிய மாத்திரத்தில், அடுப்பில் மறந்த பால் பொங்குவதுபோல் நுரை பொங்கி மேஜை விரிப்பில் பாய்கிறது. காரணம் வெளிப்படை. மதுவில் கரைந்திருக்கும் கரியமில வாயு தானாக வெளியேறாது. குமிழாகத் திரள்வதற்கு அதற்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும். காற்றைத் தன் இடுக்குகளில் ஒளித்து வைத்திருக்கும் ஒவ்வொரு பொடித்துகளும் அதற்கு ஒரு வாசலாகிறது. ஷாம்பேன் புட்டிக்குள் அடைபட்டிருப்பது ஏறக்குறைய ஆறு வாயுமண்டல அழுத்தம் என்பதை நினைத்தால், ஆயிரம் வாசல்களை ஒரே சமயத்தில் திறந்துவிடுவது விவேகமன்று. கிண்ணத்தின் விளிம்பில் பட்டைச் சர்க்கரை பூசி அலங்கரிப்பவர்களும் இதே தோஷத்துக்கு உட்பட்டவர்களே. அதில் பாதி உள்ளே உதிர்கிறது, மீதி மீசையில் ஒட்டுகிறது.

ஆகவே பாகே சித்தாந்தம். ஒரு கோப்பைச் சர்க்கரை, ஒரு கோப்பைத் தண்ணீர், இரண்டு துண்டுப் பட்டை, நாலைந்து கிராம்பு, ஒரு அன்னாசிப்பூ, இரண்டாகப் பிளந்த சாதிக்காயில் ஒரு பாதி, தட்டிய இஞ்சி ஒரு விரற்கடை. சர்க்கரை கரைந்தபின் அடுப்பைத் தணித்துக் கால் மணி நேரம் வைத்தால் பாகு தேன்நிறம் பெறும். கம்பிப் பதம் வருவதற்குள் இறக்கிவிட வேண்டும், ஏனெனில் நாம் செய்வது அதிரசம் அன்று. இறக்கியபின் சரக்குகளை அரை மணி நேரம் அதிலேயே ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிக் குளிரவைப்பது நலம். கிராம்பில் கை தாராளமாகிவிட்டால் விருந்தினர் அனைவருக்கும் பல் வைத்தியரின் நினைவு வரும். மது வாங்கும்போது புட்டியில் 'ப்ரூட்', அதாவது தித்திப்புக் குறைந்து புளிப்புத் தூக்கி நிற்பது, என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பாகின் தித்திப்புக்கு அந்தப் புளிப்பே மருந்து. ஷாம்பேனே வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. பாகு விட்டுக் கெடுப்பதற்கென்று அவ்வளவு விலை கொடுப்பது பாவம். இத்தாலியர்கள் பெருந்தொட்டிகளில் நுரைக்க வைக்கும் பிரோசெக்கோ இக்காரியத்துக்குத் தாராளமாகப் போதும்.

அடுத்தது கிரமம் பற்றிய விவகாரம். பாகைக் கடைசியில் ஊற்ற வேண்டும், அது பொன்னிழையாக இறங்குவதைக் கண் காண வேண்டும் என்பது பூர்வபக்ஷம். கண்ணுக்கு விருந்துதான், ஆனால் பாகு மதுவைவிடக் கனமானது ஆகையால் இறங்கியது அடியிலேயே தங்கிவிடும். முதல் வாய் புளிப்பு, கடைசி வாய் வெறும் சர்க்கரை என்று விருந்தின் முறையே தலைகீழாகும். கரண்டியால் கலக்கினாலோ வாயு பறந்துவிடும். எனவே முதலில் பாகு பதினைந்து மில்லிலிட்டர், அதன்மேல் வடிகட்டாத ஆப்பிள் சாறு ஐம்பது, அதன்மேல் மது நூறு என்று வரிசைப்படுத்தினால், விழும் மதுவே கலக்கும் வேலையைச் செய்துவிடுகிறது. மூன்றும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ச்சியில்தான் வாயு திரவத்தில் தங்கும். கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்துச் சுவரோரமாக ஊற்றினால் வாயு அதிகம் மிஞ்சுகிறது என்று பிரான்ஸில் ரைம்ஸ் பல்கலைக்கழகத்து லிஜே-பெலேர் குழுவினர் 2010-ல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். கிண்ணத்தில் குமிழ்கள் சரம் சரமாக எழுவதற்குக் காரணம் துடைத்த துணியிலிருந்து ஒட்டிய நூலிழைத் துணுக்குகளும் தூசும் என்பதும் அவ்வூர் ஆராய்ச்சியில் வெளியான சங்கதியே. அப்பழுக்கின்றித் துலக்கிய கிண்ணத்தில் நுரை எழாது என்னும் இந்த உண்மையைப் பாத்திரம் துலக்குவோர் காதில் போடாமலிருப்பது குடும்ப க்ஷேமத்துக்கு நல்லது.

நாக்கில் உறைக்கும் அந்தக் குறுகுறுப்பும் குமிழ் வெடிப்பதனால் மட்டும் வருவதன்று. கரியமில வாயுவை அமிலமாக மாற்றும் ஒரு நொதி நாவில் இருக்கிறது. மலையேறுவோர் உயரக் கோளாறுக்கு உட்கொள்ளும் அசெட்டசோலமைட் என்ற மாத்திரை அந்த நொதியைத் தடுத்துவிடுவதால், சிகரம் தொட்ட களிப்பில் திறக்கும் ஷாம்பேன் அவர்களுக்குச் சப்பென்று இருக்கிறதாம். ஹட்சன் பள்ளத்தாக்கில் அவ்வளவு உயரமான மலை இல்லாதது இந்தக் கலவையின் பாக்கியம்.

மிஞ்சியதைக் காப்பது பற்றி ஒரு வார்த்தை. திறந்த புட்டியின் கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தலைகீழாகச் செருகி வைத்தால் வாயு போகாது என்பது ஐரோப்பியரின் நெடுநாள் நம்பிக்கை. கரண்டி செருகிய புட்டியையும் செருகாத புட்டியையும் அருகருகே வைத்துச் சோதித்தவர்கள் கரண்டியால் ஒரு பயனும் காணவில்லை; குளிர்ந்த மது தன் வாயுவைத் தானே மறுநாள்வரை ஓரளவு பிடித்து வைத்துக்கொள்கிறது, புகழை மட்டும் கரண்டி தட்டிக்கொண்டு போகிறது. பாகு மிஞ்சினால் அந்தச் சங்கடமும் இல்லை. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் கெடாது. திங்கட்கிழமை காலையில் அலுவலகம் புறப்படுமுன் அதில் ஒரு கரண்டியைப் பால் கலவாத தேநீரில் விட்டுக்கொள்வதை நியூயார்க் சட்டம் எந்த மணிக்கும் தடுக்கவில்லை. திங்கட்கிழமை ராகுகாலம் மட்டும் ஏழரைக்கே தொடங்கிவிடுகிறது.