முதலாளிகள் இருவர் மீது ஒரு தொழில் தகராறு மனு

அனுப்புநர்:
பெயர் வெளியிட விரும்பாத இரவுப் பணியாளர்,
இரண்டாவது மாடி, சென்னை.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் நலத் துறை அதிகாரி அவர்கள்,
சென்னை.

பொருள்: அதிகாலை மூன்று மணிக்கு ஊழியரை நெஞ்சில் மிதித்து எழுப்பும் நிர்வாகத்தின் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: இருட்டில் மின்னும் நான்கு கண்கள்.

ஐயா / அம்மையீர்,

நான் பூனை வளர்ப்பதாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். அது உண்மைக்குப் புறம்பானது. வாடகை கட்டுவது நான். மீன் வாங்கி முள் எடுப்பது நான். லிட்டர் பாக்ஸை அள்ளிச் சுத்தம் செய்வதும் நான். ஆனால் எப்போது எழ வேண்டும், எப்போது பரிமாற வேண்டும், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள். யார் நேரத்தைத் தீர்மானிக்கிறாரோ அவரே முதலாளி என்பது தங்கள் துறைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே இம்மனுவில் அவர்களை முதலாளிகள் என்றே குறிப்பிடுகிறேன். மேலாண்மை இயக்குநர் பட்டு, பெண், வெள்ளையில் சாம்பல் திட்டு. மனிதவளப் பிரிவுத் தலைவர் ராஜப்பா, ஆண், செம்பட்டை. பணி நியமன ஆணை என்று எதுவும் தரப்படவில்லை. நிர்வாகத்தின் கையொப்பம் என் முழங்கையில் கீறலாக உள்ளது. நேரில் வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பணி நேரம். வாரத்துக்கு 48 மணி நேரம், மிஞ்சினால் இரட்டைச் சம்பளம் என்கிறது சட்டம். 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி 2025 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தபோது, நமக்கும் ஏதாவது விமோசனம் இருக்கும் என்று புரட்டிப் பார்த்தேன். நான்கிலும் பூனை இல்லை. பூனை இல்லாத இடத்தில் எலிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், எனக்குத் திண்டாட்டம்.

பகல் வேலையை முடித்துவிட்டு வந்தவனுக்கு இரவு பத்து மணிக்கு இரண்டாவது ஷிப்ட். படுக்கையறை விளக்கை அணைப்பதுதான் எங்கள் ஆலைச் சங்கு. சங்கு ஊதியதும் ஹாலில் ஓட்டப்பந்தயம் தொடங்கும். அடுத்தது தரச் சோதனை: மேசை மேலிருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக விளிம்புக்கு நகர்த்தி, கீழே விழுந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பது. பிளாஸ்டிக் டம்ளர் விழுந்தால் நிர்வாகத்துக்குத் திருப்தி இல்லை; சில்வர் டம்ளர்தான் வேண்டும். மூன்று மணிக்கு மேலாண்மை இயக்குநர் என் நெஞ்சின் மேல் ஏறி நின்று, மூக்கோடு மூக்கு வைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பார். ஊழியர் நலனில் இவ்வளவு அக்கறை பாராட்டத்தக்கதுதான். உயிர் இருப்பது உறுதியான பிறகு அவரைத் தூங்க விடலாம் என்பதே என் பணிவான கருத்து.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நானே பதிவு செய்துவிடுகிறேன். விசாரணைக்கு அழைத்தால் அவர்கள் கோப்பின் மேல் படுத்துக்கொள்வார்களே தவிர வாய் திறக்க மாட்டார்கள். பூனை இரவு விலங்கு என்பது பாதி உண்மைதான். அந்தியும் விடியலும்தான் அதன் சுறுசுறுப்பான பொழுதுகள், ஏனென்றால் எலியும் குருவியும் நடமாடும் பொழுதுகள் அவை. நமக்குப் பார்க்கத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குப் போதும். பகலும் இரவுமாக 12 முதல் 16 மணி நேரம் தூங்கி எழுந்தவருக்கு அதிகாலை மூன்று மணி என்பது கடை திறக்கும் நேரம். எனக்கோ அது கண் அயர்ந்த நேரம்.

ஒப்பந்தமும் பழையது. மனிதனுக்குப் பக்கத்தில் பூனையும் புதைக்கப்பட்ட, சுமார் 9,500 ஆண்டுகள் பழமையான குழி ஒன்றைச் சைப்ரஸ் தீவில் கண்டதாகத் தொல்லியலாளர்கள் 2004-இல் அறிவித்தார்கள். நீ தானியம் சேர்த்து வை, நான் எலி பிடிக்கிறேன் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. இன்று என் வீட்டில் அரிசி ஐந்து கிலோ பையில் வருகிறது. இரண்டாவது மாடிக்கு எலி ஏறுவதில்லை. நிர்வாகத்தின் கடமை காலாவதியாகிவிட்டது. ஊழியரின் கடமை மட்டும் இரவுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

பகலில் வந்து பார்க்கும் விருந்தினர்கள் இதை நம்புவதில்லை. சோபாவில் சுருண்டு கிடக்கும் சாதுவையா சொல்கிறாய் என்கிறார்கள். அவர்களை மாமல்லபுரத்துக்கு அனுப்பிவைக்க விரும்புகிறேன். பெரும்பாறைச் சிற்பத் தொகுதியில் பின்னங்காலில் நின்று முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்கிறது ஒரு பூனை. அதன் காலடியில் எலிகள். என் வாக்குமூலத்தைப் பல்லவர் காலத்துச் சிற்பி 7-ஆம் நூற்றாண்டிலேயே பாறையில் பதித்து வைத்திருக்கிறார். பூனை தத்துவத்திலும் உண்டு: தென்கலை வைணவத்தில் மார்ஜார நியாயம், அதாவது பூனை நியாயம், என்று ஒன்று. தாய்ப்பூனை குட்டியைக் கவ்வித் தூக்கிச் செல்கிறது. குட்டி எந்த முயற்சியும் செய்ய வேண்டியதில்லை. இறைவன் அடியாரைக் காப்பதும் அப்படித்தான் என்பார்கள். எங்கள் வீட்டில் கவ்வப்படுவது என் கால் கட்டைவிரல். எந்த முயற்சியும் செய்யாதவர் ராஜப்பா.

அடுத்து ஒலி மாசு. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டின் விதிகள். கத்தினால் புகார் கொடுக்கலாம். ஆனால் என் முதலாளிகள் சட்டத்தின் சந்து பொந்து தெரிந்தவர்கள். காதருகே வந்து கர்ர்ர் என்று தொண்டைக்குள்ளேயே ஓட்டுவார்கள். கேட்பதற்குக் கொஞ்சல். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் குழு 2009-இல் இதைப் பிரித்துப் பார்த்தது. சாப்பாடு கேட்கும்போது பூனை எழுப்பும் கர்ர்-க்குள் ஓர் உச்சக் குரல் ஒளிந்திருக்கிறது. அதன் அலைவரிசை குழந்தை அழுகைக்கு நெருக்கமானது. கேட்பவர்களுக்கு அது அவசரமாகப் படுகிறது. ஆக, எந்த மீட்டரிலும் சிக்காமல் என் தாய்மை உணர்வைத் தட்டி எழுப்புகிறார்கள், எனக்குத் தாய்மை உணர்வு இருப்பது எனக்கே தெரியாத நிலையில்.

திரும்ப நாம் பேச முயன்றால் பயனில்லை. பூனையால் தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிய முடியும் என்று ஜப்பானிய ஆய்வாளர் அட்சுகோ சைட்டோவின் குழு 2019-இல் நிறுவியது. கூப்பிடுவது காதில் விழுகிறது, தன் பெயர்தான் என்பதும் தெரிகிறது, ஆனாலும் திரும்புவதில்லை. மேலதிகாரி ஆவதற்கு வேறென்ன தகுதி வேண்டும்?

தூக்கம் அடிப்படை உரிமை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை நள்ளிரவில் காவல் துறை எழுப்பி விரட்டிய வழக்கில், உறக்கமும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2012-இல் சொன்னது. இதைக் காட்டி ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அடிப்படை உரிமையைப் பெரும்பாலும் அரசுக்கு எதிராகத்தான் கோர முடியும், பூனை அரசு ஆகாது என்றார். அதை எங்கள் வீட்டுக்கு வந்து அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள் என்றேன். அவர் வரவில்லை.

இருக்கை உரிமையும் மறுக்கப்படுகிறது. கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளத்தை அடுத்து 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. நல்ல சட்டம். என் வீட்டில் நாற்காலி இருக்கிறது. அதில் பட்டு இருக்கிறார். கட்டிலும் இருக்கிறது, அதில் ராஜப்பா குறுக்கே இருக்கிறார். ஒன்றரை அடி நீளப் பிராணி ஆறடிக் கட்டிலை எப்படி நிறைக்கும் என்று கேட்கலாம். பூனை திடப்பொருளா திரவமா என்று இயற்பியல் கணக்குப் போட்ட மார்க்-அன்டுவான் ஃபர்தானுக்கு 2017-இல் வேடிக்கை ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. ஊற்றிய பாத்திரத்தை நிறைப்பது திரவம். நான் போர்வை இல்லாமல் விளிம்பில் தொங்குவது அறிவியல்.

போனஸ் தருவதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். தலையணை மேல் வைக்கப்படும் பல்லி வால், ஒரு முழுப் பல்லியில் எத்தனை சதவீதம் என்பதைத் தங்கள் கணக்குப் பிரிவுதான் சொல்ல வேண்டும்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. படுக்கையறையில் கதவடைப்பு செய்தோம். உலகத்தில் முதலாளிதான் கதவடைப்பு செய்வார், தொழிலாளி வாசலில் தர்ணா இருப்பார். எங்கள் வீட்டில் தலைகீழ். கதவைப் பிறாண்டும் தர்ணா விடியும் வரை நடந்தது. பிறகு கால்நடை மருத்துவரைச் சமரச அலுவலராக வைத்துப் பேசினோம். படுக்கப் போகும் முன் இறகு கட்டிய குச்சியை ஆட்டி நன்றாக வேட்டையாட விடுங்கள், களைத்ததும் இரவு உணவைக் கொடுங்கள். வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம், தூக்கம் என்பது பூனையின் ஒழுங்கு என்றார். விடிகாலைச் சாப்பாட்டுக்கு நேரம் குறித்துத் தானே திறக்கும் தட்டு வாங்குங்கள், தட்டை நச்சரிக்கட்டும், உங்களை வேண்டாம் என்றார். வயதான பூனை திடீரென்று இரவில் கதறத் தொடங்கினால் மட்டும் அதைக் குறும்பு என்று விடாதீர்கள், தைராய்டோ ரத்த அழுத்தமோ இருக்கலாம், சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை: எழுப்பினால் எழக் கூடாது, ஒரு நாள்கூட. நாலு நாள் பொறுத்து ஐந்தாம் நாள் எழுந்தால், இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கத்தினால் காரியம் ஆகும் என்ற பாடத்தை நாமே நடத்தியதாகிவிடும்.

நியாயமான ஒப்பந்தம். வேலைநிறுத்தம் அறிவித்தேன். தொடங்கிய வேகத்திலேயே என் மனைவி, “பாவம், பசிக்குதோ என்னமோ” என்று எழுந்து போய்த் தட்டை நிரப்பிவிட்டார். தொழிற்சங்கத்தில் இதற்குக் கருங்காலித்தனம் என்று பெயர். வீட்டில் அந்தச் சொல்லை நான் பயன்படுத்தவில்லை; எனக்குக் காலையில் காபி வேண்டும்.

இந்த நிர்வாகத் திறமையை நாட்டின் பெரிய தலைகள் கவனிக்க வேண்டும். இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-இல் சொன்னார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் பேச்சில் அது 90 ஆனது. எண்ணைச் சொன்னதால்தான் இருவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நம் சட்டமன்றமும் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றி, எதிர்ப்பு வலுத்ததும் மே தினத்தன்று திரும்பப் பெற்றது. நாட்டிலேயே முதன்முதலாகச் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடிய நூறாவது ஆண்டில் நடந்தது இது. என் முதலாளிகள் மசோதா கொண்டுவருவதில்லை, மேடையில் பேசுவதில்லை. அவர்கள் 16 மணி நேரம் தூங்குகிறார்கள், மிச்ச நேரம் நான் விழித்திருக்கிறேன். தூங்குகிறவர் விழிக்கிறவரின் நேரத்தை முடிவு செய்வதுதான் நிர்வாகம் என்பதை இவ்வளவு சிக்கனமாக யாரும் விளக்கியதில்லை.

எனவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை என் முகத்தைப் பணியிடம் அல்ல என்று அறிவிக்க வேண்டும்.

2. கட்டிலின் பரப்பளவில் மூன்றில் ஒரு பங்கையாவது ஊழியருக்கு ஒதுக்க வேண்டும்; போர்வைக்கும் இது பொருந்தும்.

3. வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை என்பதை நிர்வாகத்துக்குப் புரியும்படி யாராவது சொல்ல வேண்டும்.

4. எக்காரணம் கொண்டும் என்னைப் பணிநீக்கம் செய்யக் கூடாது. கேட்பது ஷிப்ட் மாற்றம் மட்டுமே.

5. தங்கள் ஆய்வாளர் அதிகாலை மூன்று மணிக்குத் திடீர்ச் சோதனை நடத்த வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை குறித்து ஒரு விளக்கம். முதலாளிகள் எழுப்பிவிடும் நேரத்தில் ஜன்னல் வழியே பார்க்கும்போது, தெருவில் விழித்திருப்பது நான் மட்டும் இல்லை என்று தெரிகிறது. ஏடிஎம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காவலர், 12 மணி நேர ஷிப்டில். அலுவலகப் பெண்களை இறக்கிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பும் வேன் ஓட்டுநர். பால் பாக்கெட் இறக்குபவர். விடிவதற்குள் பெருக்கி முடிக்க வேண்டிய தூய்மைப் பணியாளர்கள். இவர்களை விழிக்க வைத்திருப்பது பூனை அல்ல. இரவு ஷிப்ட் வேலை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலேயே வகைப்படுத்தியது. எனக்காவது மறுநாள் மதியம் சோபாவின் ஓரத்தில் இடம் கிடைக்கிறது. அவர்களில் பலர் பகலிலும் இன்னொரு வேலைக்குப் போகிறார்கள்.

ஆகவே ஆய்வாளர் வந்தால் எங்கள் மாடிக்கு ஏற வேண்டாம். ஏடிஎம் வாசலிலேயே நிற்கட்டும். அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போவார், மிகை நேரத்துக்கு என்ன தருகிறார்கள், கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தக் கோப்பில் நடவடிக்கை எடுத்துவிட்டால், இந்த மனுவைத் தள்ளுபடி செய்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரவுப் பணியாளர்.